வெள்ளரிக்காய் மீது விழுந்த பழி

மலையிலிருந்து ஒரு மடல்



கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் போன வாரம் பட்டிப்பொலவுக்கு வந்து சேர்ந்தது. கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தவர். வேறு மூன்று பெண்களுடன் சேர்ந்து ஒரு பாடசாலைக்கு மதிய உணவு சமைத்துக் கொடுத்து வந்திருக்கிறார். ஒரு நாள் பதினான்கு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், சிலருக்குக் காய்ச்சலும். மறுநாளே, "இவையளின்ர சாப்பாட்டாலதான்" என்று ஊர் முழுக்கக் கதை. யாரும் வந்து விசாரிக்கவில்லை. மலத்தையோ தண்ணீரையோ யாரும் சோதிக்கவில்லை. நாலு குடும்பத்தின் வருமானம் அத்தோடு நின்றுபோனது. கடிதத்தின் முடிவில் அவர் கேட்டிருந்தார்: "அண்டைக்குச் சோறும் பருப்பும் கரட் சம்பலும் குடுத்தனாங்கள். கரட் உங்கட பக்கத்தில இருந்துதானே அக்கா வருது? அதில ஏதும் இருந்திருக்குமோ?"

அந்தப் பிள்ளைகளுக்கு எதனால் வருத்தம் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சாட்சி சொல்லக்கூடிய சட்டி பானையெல்லாம் அன்று மாலையே கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பச்சையாகச் சாப்பிடும் மரக்கறியால் ஆட்கள் கூட்டமாக நோயில் விழுவது உண்டு. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படித் தவறவிடுகிறார்கள் என்பதை இந்த மாதம் எழுதுகிறேன். கண்டுபிடிக்காமலே பழி போடுவது எவ்வளவு லேசு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகாமில் இருந்தபோது வயிற்றோட்டம் வந்தால் "முகாம் ஆட்கள் சுத்தமில்லை" என்றார்கள். இங்கே லயத்தில் வந்தால் "தோட்டத்து ஆட்கள் சுத்தமில்லை" என்கிறார்கள். தண்ணீரைப் பற்றி அப்போதும் யாரும் கேட்பதில்லை.

முதலில் ஒரு விஷயம். வயிறு குழம்பியவுடன் நாம் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் சந்தேகிப்போம். "மத்தியானம் அந்தக் கடைச் சோறு தின்றேன், இரவு போகத் தொடங்கிற்று" என்போம். சில கிருமிகளுக்கு இந்தக் கணக்குச் சரி. சமைத்து வெளியில் வைத்த சோற்றிலோ இறைச்சியிலோ கிருமி பெருகி நஞ்சு சேர்ந்திருந்தால் சில மணித்தியாலத்திலேயே வாந்தி வரும். சல்மொனெல்லா என்ற கிருமி என்றால் அரை நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். மாட்டின் குடலில் இருந்து வரும் கொடிய ஈ. கோலை வகை பெரும்பாலும் மூன்று நாலு நாள் எடுக்கும். நெருப்புக்காய்ச்சல், அதாவது தைபோயிட், ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம். செங்கண்மாரியில் ஏ வகை என்றால் சராசரியாக நாலு வாரம். இன்றைக்குக் கண் மஞ்சளான பிள்ளை போன மாதம் எங்கே எதைக் குடித்தது, எதைத் தின்றது என்று கேட்க வேண்டும். நேற்றுச் சமைத்தவளைப் பிடித்துப் பயனில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் செங்கண்மாரி பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கண் மஞ்சளாகும்போது கிருமி உள்ளே போய் மூன்று நாலு வாரம் கடந்திருக்கும்.

இப்போது ஒரு பெரிய கதை. நடந்தது ஜேர்மனியில், 2011இல். கதையின் முடிவில் வருவது நம் எல்லோருடைய அடுக்களையிலும் இருக்கிற பொருள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு மே 19ஆம் திகதி, ஹம்பேர்க் நகரத்து வைத்தியசாலையில் மூன்று பிள்ளைகள் இரத்த வயிற்றோட்டத்தின் பின் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் இருப்பதாகத் தலைநகரில் உள்ள ரொபேர்ட் கொக் நிறுவனத்துக்குத் தகவல் போனது. நோய்ப்பரவலை விசாரிக்கும் அந்நாட்டு அரச நிறுவனம் அது. மறுநாளே அதன் ஆட்கள் ஹம்பேர்க்கில் வந்து இறங்கிவிட்டார்கள். இவ்வகை நோய் வழமையாகச் சிறு பிள்ளைகளுக்குத்தான் வரும். ஆனால் இந்த முறை வார்டுகளில் நிறைந்தவர்கள் வளர்ந்தவர்கள், அதிலும் பெண்கள். கடும் நிலைக்குப் போனவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்களே. உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இறைச்சியைக் குறைத்துப் பச்சை மரக்கறிச் சலாது சாப்பிடுகிற, படித்த, திடகாத்திரமான பெண்கள்.

விசாரித்தவர்கள் நோயாளிகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டார்கள்: என்ன சாப்பிட்டீர்கள்? தக்காளி, வெள்ளரி, சலாது இலை என்றார்கள். நோய் வராத ஆட்களிடமும் அதையே கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள்தான் இந்த மூன்றையும் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். மே 25ஆம் திகதி, இவற்றைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தார்கள். அதுவரை குறை சொல்ல ஏதுமில்லை. மறுநாள் ஹம்பேர்க் அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த வெள்ளரிக்காயில் ஈ. கோலை கிருமி கண்டதாக அறிவித்தார்கள். ஐந்து நாள் கழித்து ஆய்வுகூடம் சொன்னது: கிருமி இருப்பது உண்மை, ஆனால் ஆட்களைக் கொல்லும் கிருமி இதுவல்ல, வேறு வகை.

ஐந்தே நாள்தான். அதற்குள் ஸ்பெயினின் வெள்ளரிக்காயை வாங்க ஆளில்லை. தக்காளியையும்கூட வாங்கவில்லை. மலை மலையாகக் கொட்டி அழித்தார்கள். வாரத்துக்கு 20 கோடி யூரோ நட்டம் என்று விவசாயிகள் கணக்குச் சொன்னார்கள். ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்து மரக்கறிகளை முழுதாகவே தடை செய்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ நட்டஈடு ஒதுக்கியது. அது தோட்டக்காரருக்கு. அங்கே வெள்ளரி பறிப்பவர்களில் பெருந்தொகையானோர் மொரோக்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்த கூலியாட்கள். வேலையில்லாத அந்த நாட்களுக்கு அவர்களுக்கு யார் கூலி கொடுத்திருப்பார்கள் என்று, கூலிக்காரர் வீட்டில் பிறந்த எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உண்மை வேறு வழியால் வெளிவந்தது. ஒரு உணவகத்தில் சாப்பிட்ட பல குழுக்களில் சிலருக்கு நோய், சிலருக்கு இல்லை. இம்முறை விசாரணைக்காரர் "என்னென்ன மரக்கறி சாப்பிட்டீர்கள்" என்று கேட்கவில்லை. "என்ன சாப்பாட்டுக்குச் சொல்லி எடுத்தீர்கள்" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு குசினிக்குப் போனார்கள். அந்தச் சாப்பாட்டில் எதை எதை, எவ்வளவு போட்டீர்கள் என்று சமையற்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, சில தட்டுகளில் அழகுக்காக மேலே ஒரு சிட்டிகை முளைவிட்ட தானியம் தூவப்பட்டிருந்தது. முளை தூவிய தட்டு வந்தவர்களுக்கு நோய் வந்த வாய்ப்பு, வராதவர்களைவிட 14 மடங்கு. அந்த உணவகத்தில் நோய்ப்பட்ட எல்லோருக்கும் அந்த முளைதான் கணக்குத் தீர்த்தது. ஆனால் ஆரம்பத்தில் கட்டிலில் கிடந்தபடி பேட்டி கொடுத்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் முளையைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். தின்றவர்களுக்கே தெரியாது. தூவியவருக்குத்தான் தெரியும்.

பிறகு மற்ற இடங்களில் கூட்டமாக நோய்ப்பட்ட 41 சம்பவங்களின் வழியையும் பின்னோக்கிப் பிடித்துப் போனார்கள். எல்லா வழியும் வட ஜேர்மனியில் உள்ள ஒரே ஒரு முளை வளர்க்கும் பண்ணையில் போய் முட்டின. ஜூன் 10ஆம் திகதி, முளைதான் காரணம் என்று அறிவித்தார்கள். அந்த மாதமே பிரான்சில், போர்டோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் நிலையத்து விழாவில் சாப்பிட்டவர்களுக்கும் அதே கிருமி வந்தது. அவர்கள் ஜேர்மன் பண்ணையிலிருந்து எதையும் வாங்கவில்லை. விதையை வாங்கித் தாங்களே முளைக்க வைத்தவர்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த விதை. அது என்ன விதை தெரியுமா? வெந்தயம். 2009ஆம் ஆண்டின் கடைசியில் எகிப்திலிருந்து கப்பலேறிய 15 ஆயிரம் கிலோ வெந்தயத்தின் ஒரு பகுதி. காய்ந்த விதையில் கிருமி உறங்கிக் கிடக்கும். ஈரமும் இளஞ்சூடும் கொடுத்து முளைக்க வைத்தால், முளையோடு கிருமியும் கோடிக்கணக்கில் பெருகும்.

நோய்ப்பட்டவர் 3,800க்கு மேல், ஜேர்மனியில் மட்டும் இறந்தவர் 53 பேர். இன்னொன்றையும் கவனியுங்கள். மீதி விதைகளை எவ்வளவோ சோதித்தும் அந்தக் கிருமியை விதையில் கண்டுபிடிக்கவே இல்லை. ஆய்வுகூடம் காட்டிக் கொடுக்காததை, ஆட்களின் ஞாபகமும், கடைப் பில்லும், சமையற்காரரின் வாக்குமூலமும் காட்டிக் கொடுத்தன. வெள்ளரிக்காயில் ஆய்வுகூடம் ஒரு கிருமியைக் கண்டதுதான் எல்லோரையும் திசை திருப்பியது. (வெந்தயக் குழம்பு வைப்பவர்கள் பயப்பட வேண்டாம். கொதித்த குழம்பில் எந்த ஈ. கோலையும் உயிர் பிழைக்காது. வெந்தயத்தையோ பயறையோ முளைக்க வைத்துப் பச்சையாகத் தின்பதில்தான் கவனம் வேண்டும்.)

"சாப்பிட்டு நோய் வராதவர்களை ஏன் கேட்க வேண்டும்?" என்று நம் சகோதரிகள் கேட்கக்கூடும். அதை ஒரு பாடசாலைக் கணக்காகப் பார்ப்போம். நூறு பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பதினான்கு பேருக்கு வருத்தம் என்று வையுங்கள். பதினான்கு பேரும் பருப்புச் சாப்பிட்டார்கள். அப்படியானால் பருப்பா? நில்லுங்கள். நூறு பேருமே பருப்புச் சாப்பிட்டார்கள், எண்பத்தாறு பேருக்கு ஒன்றுமில்லை. சம்பலை ஐம்பது பேர்தான் தின்றார்கள், அதில் பன்னிரண்டு பேருக்கு வருத்தம். சம்பல் தொடாத ஐம்பது பேரில் இரண்டு பேருக்குத்தான். இப்போது சம்பல் மேல் பார்வை விழுகிறது. சம்பலில் கரட் மட்டுமா இருந்தது? வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய், அரிந்த கத்தி, கலந்த கை, கழுவிய தண்ணீர் எல்லாம் இருந்தன. இனி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மாறாக, சம்பல் தின்றவருக்கும் தின்னாதவருக்கும் ஒரே அளவில் வருத்தம் வந்திருந்தால், பாடசாலைக் கிணற்றையோ குழாயையோ தேட வேண்டும். சுகமாக இருக்கும் பிள்ளையைக் கேட்காமல் இது ஒன்றும் விளங்காது. நோய்ப்பட்ட பதினான்கு பேரை மட்டும் கேட்டால், பழி எப்போதும் எல்லோரும் தின்ற சோற்றின் மேலும் அதைச் சமைத்தவள் மேலும்தான் விழும்.

நம் நாட்டிலும் இதற்கு முறை இருக்கிறது. இல்லாத முறையை நான் கேட்கச் சொல்லவில்லை. உணவு நஞ்சாதல், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் வைத்தியர் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்கள். வைத்தியசாலையில் எச்-544 என்ற படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார்கள். அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, நாம் பி.எச்.ஐ. ஐயா என்று சொல்பவரை, வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் விசாரித்து எச்-411 என்ற படிவத்தில் எழுதுவார். கணக்கெல்லாம் கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய், வாராவாரம் மாவட்டவாரியாக அச்சிடப்படுகிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உணவை மாதிரி எடுக்கவும் அவருக்கு அதிகாரம் கொடுக்கிறது.

ஆனால் இந்தச் சங்கிலி தொடங்குவது நாம் வைத்தியரிடம் போனால்தான். வீட்டில் கைவைத்தியம் பார்த்துச் சுகமானால் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. தனியார் மருந்துக் கடையில் குளிசை வாங்கினாலும் அப்படித்தான். நாலு வீட்டில் ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் என்றால், குடும்பநல மாதுவிடமாவது சொல்லுங்கள். கூட்டாகச் சமைக்கும் பெண்கள் ஒரு கொப்பியில் திகதி, என்ன சமைத்தோம், எந்தக் கடையில் என்ன வாங்கினோம், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள், பில்லையும் அதற்குள்ளேயே செருகுங்கள். குளிர்ப்பெட்டி உள்ள இடத்தில், ஒவ்வொரு கறியிலும் ஒரு கரண்டி எடுத்து மூடி இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் இன்னும் நல்லது. நோய் என்று கேள்விப்பட்டவுடன் மிச்சத்தைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவத்தான் பயத்தில் கை போகும். அதுவே "ஒளித்துவிட்டாள்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கும். மிச்சத்தை யாரும் தின்னாதபடி மூடி வைத்து, பி.எச்.ஐ.யை நீங்களே முதலில் கூப்பிடுங்கள். உங்களை விடுவிக்கும் சாட்சியும் அந்தச் சட்டியில் இருக்கலாம்.

இனிக் கரட்டுக்கு வருகிறேன். பட்டிப்பொலவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நானுஓயா தாண்டி, அம்பேவல தாண்டி வரும் ரயில், மலையின் உச்சிக்கு ஏறி நிற்கும் இடம் இது. 6,200 அடிக்கு மேலே, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் எங்களுடையது. தை, மாசியில் சில காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று கிடக்கும். அந்தக் குளிருக்கு விளைவதுதான் கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், உருளைக்கிழங்கு. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு இந்த மலைகளிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. உங்களில் சிலருக்கு இந்தக் குளிர் பாட்டி சொன்ன கதையாகவாவது தெரிந்திருக்கும்.

இங்கே பிடுங்கும் கரட்டில் கரிய மண் அப்பியிருக்கும். கழுவாத கரட்டை வியாபாரி வாங்கமாட்டார். சில இடங்களில் சுழலும் பீப்பா இயந்திரத்தில் கழுவுகிறார்கள், சில இடங்களில் ஓடைத் தண்ணீரைத் தேக்கிய தொட்டியில் கொட்டிக் காலால் மிதித்துக் கழுவுகிறார்கள். கழுவியதும் செம்மஞ்சளாகப் பளபளக்கும். அந்த ஈரத்தோடேயே மூட்டை கட்டி லொறியில் ஏற்றினால், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய், அங்கே கை மாறி, ஏ-9 பாதையால் உங்களிடம் வரும். 2006 ஆகஸ்டில் அந்தப் பாதை மூடப்பட்ட பிறகு கரட்டின் முகத்தையே பார்க்கவில்லை என்று யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வருகிறது.

கழுவினால் சுத்தம் என்பது மண்ணைப் பொறுத்தவரை சரி. கழுவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே லயம் இருந்தால், லயத்தின் மலசலகூடம் ஓடையின் பக்கம் சரிந்திருந்தால், மழைக்கு என்ன இறங்கி வரும்? கோழி எருவையும் மாட்டெருவையும் நன்றாக மக்க விடாமல் போட்டால், அதிலிருந்தும் கிருமி இறங்கும். ஒரு மூட்டையில் பட்டது, ஒரே தொட்டித் தண்ணீரில் நூறு மூட்டைக்கும் போகும். நாள் முழுக்கக் குனிந்து கரட் பிடுங்கும் பெண்ணுக்கு அவசரத்துக்குப் போக வயலில் ஒரு மலசலகூடம் இருக்கிறதா? நான் பார்த்த பல வயல்களில் இல்லை. புதரோரம்தான். கைகழுவக் குழாய் இல்லை, சவர்க்காரம் இல்லை. அவளைச் சுத்தமில்லாதவள் என்பது எளிது. அவள் கூலிக்குள் சவர்க்காரத்தைச் சேர்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

கரட்டாலும் நோய் வருமா என்று கேட்ட சகோதரிக்குப் பின்லாந்தைக் காட்டலாம். அங்கே 2003இலும் 2006இலும் பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமாக வயிற்று வலியில் விழுந்தார்கள். 2006இல் மட்டும் 400க்கு மேற்பட்டோர். குடல்வால் நோய் என்று எண்ணும் அளவுக்கு வலி. பாடசாலை உணவில் பொதுவாக இருந்தது துருவிய பச்சைக் கரட். யெர்சினியா என்ற ஒரு கிருமி. அது எப்படிக் கரட்டுக்கு வந்தது என்று பண்ணை வரை போனார்கள். இவ்வகைச் சம்பவங்களை ஆராய்ந்தபோது, கரட் கையாளும் இயந்திரத்தில் ஒட்டியிருந்த அழுக்கில் கிருமி இருந்தது, வயலில் பிடித்த மூஞ்சூறுகளின் குடலிலும் இருந்தது. குளிர்காலம் முழுக்கக் களஞ்சியத்தில் வைத்திருந்த பழைய கரட். எலியும் மூஞ்சூறும் ஓடிய இடம். இந்தக் கிருமிக்கு ஒரு குணம் உண்டு. குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகும். பழுதான கரட்டைப் பொறுக்கி எறியாமல் கழுவித் துருவியதில் எல்லாவற்றுக்கும் பரவியது. பாடசாலைச் சமையற்காரிகள் செய்த பிழை எதுவுமில்லை. கரட் குசினிக்கு வரும்போதே கிருமியோடுதான் வந்தது.

தண்ணீருக்குச் சிலி நாட்டைச் சொல்ல வேண்டும். அதன் தலைநகரம் சந்தியாகோவில் 1970களின் கடைசியிலும் 1980களிலும் நெருப்புக்காய்ச்சல் விடாமல் இருந்தது. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். பெரும்பாலான வீடுகளில் மலசலகூட வசதியும் இருந்தது. பிறகு ஏன்? நகரத்துக் கழிவு சுத்திகரிக்காமல் ஆற்றில் விழுந்தது. அந்த ஆற்று நீரை நகரைச் சுற்றியிருந்த சலாது இலைத் தோட்டங்களுக்குப் பாய்ச்சினார்கள். தன் கழிவையே நகரம் சலாதாகத் திரும்பத் தின்றது. ஆராய்ந்தவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துப் பரிசோதித்தார்கள். வாய்க்காலை யாரும் தொடவில்லை. 1991இல் பக்கத்து நாடான பெருவில் வாந்திபேதி வெடித்துச் சிலிக்குள்ளும் நுழைந்தது. அப்போதுதான் அரசாங்கம் நடுங்கிப்போய், கழிவுநீர் பாய்ச்சிப் பச்சையாகத் தின்னும் மரக்கறி வளர்ப்பதைத் தடை செய்தது. வாந்திபேதி அங்கே பெருகவில்லை. அதோடு யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் நெருப்புக்காய்ச்சலும் விழுந்துபோனது. வீட்டுக்கு வீடு பெண்கள் இலையை எப்படிக் கழுவினார்கள் என்பதால் வந்த மாற்றமல்ல அது. வாய்க்காலை மாற்றியதால் வந்தது.

இதைச் சொல்வது, வீட்டில் கழுவ வேண்டாம் என்பதற்காக அல்ல. கழுவினால் கிருமி குறையும், முழுதாகப் போகாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் அப்படித்தான், புழுவும் மண்ணும் போகும், கிருமி எல்லாம் சாகாது. கரட்டைத் தோல் சீவுங்கள். சீவும் முன்பே கழுவுங்கள், இல்லாவிட்டால் கத்தி வழியாக உள்ளே போகும். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, இதழ் இதழாக விரித்துக் கழுவுங்கள், அதன் மண் உள்ளுக்குள் ஒளிந்திருக்கும். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகள் ஈரநிலத்தில், சில இடங்களில் கழிவுநீர் வாய்க்காலோரத்திலேயே வளர்பவை. எங்கே பிடுங்கியது என்று விற்பவரிடம் கேளுங்கள். கொதித்தாறிய தண்ணீரில் கடைசிக் கழுவல் கழுவுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோயில் எழும்பியவர் இருக்கும் வீட்டிலும், நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கும் இடத்திலும், வெயில் காலத்திலும் பச்சைச் சம்பலை விட்டு, கரட்டைப் பருப்போடு போட்டோ வதக்கியோ கொடுங்கள். சத்துக் குறையும் என்று பாடசாலையில் யாராவது சொன்னால், சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விடச் சொல்லுங்கள். கரட்டின் சத்து எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால், தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஜீவனியைப் பைக்கற்றில் எழுதியுள்ள அளவுக்கு, கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டால், வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது. கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கிவிடும். ஜேர்மனியில் நடந்ததுபோல், வயிற்றோட்டம் குறைந்து சுகமாகிறது என்று நினைக்கும் நேரத்தில் சிறுநீரகத்தில் வினை தொடங்கலாம். பிள்ளை வெளிறிப்போனால், சோர்ந்து கிடந்தால், அரை நாளாகியும் சிறுநீர் போகாவிட்டால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். போகும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.